உடைந்த பொருளே சாட்சி

வீட்டில் குக்கர் வெடித்தால் முதல் இரண்டு நாளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காயம்பட்டவரை ஆட்டோவிலோ 108-லோ ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அக்கம்பக்கத்தார் வந்து சுவரில் அப்பிக்கிடக்கும் பருப்பைக் கழுவி, தரையைத் துடைத்து, அடுப்படியை ஒழுங்குபடுத்தி வைப்பார்கள். நெளிந்த மூடியும் பிளந்த பாத்திரமும், "இந்தச் சனியன் இனி வீட்டில் இருக்கவே கூடாது" என்ற கோபத்தோடு காயலான் கடைக்குப் போய்விடும். எல்லாமே பதற்றத்திலும் அன்பிலும் செய்யப்படுபவை. ஆனால் மூன்று மாதம் கழித்து அந்தக் குடும்பம் வழக்கறிஞர் முன்னால் உட்காரும்போது அவர் முதலில் கேட்பது இதைத்தான்: "குக்கர் எங்கே?"

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் இதில் உண்டு. 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் அடங்கிய ஆறாம் அத்தியாயம் அது. பழுதான பொருளால் ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேர்ந்தால், அதைத் தயாரித்தவரும் விற்றவரும் எந்தெந்தச் சூழலில் இழப்பீடு தர வேண்டும் என்று அது வரையறுக்கிறது. ஆக, உரிமை ஏட்டில் ஏறிவிட்டது. அதை நிரூபிக்கும் வேலையைத்தான் தீக்காயத்தோடு படுத்திருப்பவரின் வீட்டாரிடம் விட்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையின் கவலை அதைப் பற்றியது.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் தொடக்கத்திலேயே ஒரு ஏழைப் பெண்ணும் அவருக்குக் கிடைத்த சட்ட உதவியும் இருக்கின்றன. 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு காபிக் கடைக்கு மே டோனகியூ தன் தோழியோடு போனார். தோழி காசு கொடுத்து வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரில் கொஞ்சம் குடித்தார். மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்ததாக அவர் சொன்னார். பாட்டில் உள்ளே தெரியாத அளவுக்கு இருண்ட கண்ணாடி. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அன்றைய சட்டப்படி, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையேதான் ஒப்பந்தம். குடித்தவருக்கு யாரிடமும் கேட்க உரிமையில்லை. வால்டர் லீச்மன் என்ற வழக்கறிஞர் அவரது வழக்கை எடுத்துக்கொண்டார். இதே போன்ற வழக்கொன்றில், ஜிஞ்சர் பீரில் எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், அவர் அதற்குச் சற்று முன்புதான் தோற்றிருந்தார். பிரபுக்கள் அவைவரை மேல்முறையீடு போக டோனகியூவிடம் பணமில்லை. தன்னிடம் 5 பவுண்டு மதிப்புக்குக்கூடச் சொத்தில்லை என்று அறிவித்து, ஏழை வழக்காடியாக அனுமதி பெற்றார். 1932 மே 26 அன்று, மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக நின்ற தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பொருளைக் கடைசியில் பயன்படுத்துபவர் யாரோ அவருக்குத் தயாரிப்பாளர் கடமைப்பட்டவர் என்ற கொள்கை அன்றுதான் நிலைபெற்றது.

அந்தத் தீர்ப்பில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாட்டிலில் நத்தை இருந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை. "அவர் சொல்வது உண்மையானால் வழக்குத் தொடர உரிமை உண்டு" என்பதோடு பிரபுக்கள் அவை நிறுத்திக்கொண்டது. உற்பத்தியாளர் ஸ்டீவன்சன் அதே ஆண்டு இறந்துவிட, வழக்கு சமரசத்தில் முடிந்தது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பில்கூட, சாட்சியம் கூண்டேறவில்லை. நம் நாட்டுக் குக்கர் வழக்குகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே நத்தையைக் காட்டியாக வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பில் பழுது, வடிவமைப்பிலேயே பழுது, தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு சொல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்கிறது 84-ஆம் பிரிவு. விற்பனையாளர் எப்போது மாட்டுவார் என்பதை 86 சொல்கிறது. பொருளின் வடிவமைப்பிலோ சோதனையிலோ அவருக்குக் கணிசமான கட்டுப்பாடு இருந்திருக்கலாம்; அவரே அதை மாற்றியமைத்திருக்கலாம்; தயாரித்தவர் யாரென்றே தெரியாமலிருக்கலாம். கடைசியாகச் சொன்னது முக்கியம். பெயர் ஊர் இல்லாத பெட்டியில் வந்த சரக்கை விற்றுவிட்டு "கம்பெனியைக் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைகழுவ முடியாது.

குக்கரை வாங்கியது கணவர், காயம்பட்டது மனைவி என்றாலும் கவலை வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. குழந்தை காயம்பட்டால் பெற்றோர் வழக்குப் போடலாம். இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசுகள் போடலாம். வெறும் பொருள் கெட்டுப்போனதற்கு இந்த அத்தியாயம் உதவாது. அந்தப் பொருளால் விளைந்த காயம், நோய், மரணம், மற்ற உடைமைகளின் சேதம், காயத்தோடு வரும் மன உளைச்சல் ஆகியவற்றுக்குத்தான் இது.

எங்கே வழக்குப் போடுவது என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கேட்கும் இழப்பீட்டை வைத்து ஆணையம் தீர்மானிக்கப்படுவதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். சுமார் 31 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் தீப்பிடித்துக் கணவர் இறந்ததாக 50 கோடிக்கு மேல் கேட்ட ஒரு பெண், இந்த விதியையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 29 அன்று விதி செல்லும் என்று தீர்ப்பானது. அந்தப் பெண்ணுக்கு அது ஏமாற்றமே. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க் குக்கரால் கண்ணை இழந்தவருக்கு இதே விதி வசதியாக அமைகிறது. எத்தனை லட்சம் கேட்டாலும் சொந்த மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் கிடையாது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம், இணையவழியிலும் மனுவை அனுப்பலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கக்கூடும்; அதை நம்பி இருக்கக் கூடாது.

இவ்வளவும் சரி. இப்போது ஆணையத்தின் முன் நிற்போம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லப்போவது தெரிந்ததுதான்: தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தார்கள், ஆவிக்குழாயைச் சுத்தம் செய்யவில்லை, கடையில் கிடைத்த போலி சேஃப்டி வால்வைப் போட்டார்கள், ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறந்தார்கள். இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் குக்கர்தான்.

குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை சூடேறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. மிகுதியான ஆவியை வெயிட் தூக்கி வெளியே விடுவதுதான் விசில். பருப்பு நுரையோ தோலோ ஆவிக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால் விசில் வராது. அப்போது காப்பாற்றுவதற்கென்றே இரண்டாவது காவலாக சேஃப்டி வால்வு இருக்கிறது. அதன் நடுவில் உள்ள உலோகக் கலவை, அளவு மீறிய சூட்டில் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். பல குக்கர்களில் மூன்றாவது ஏற்பாடும் உண்டு: மூடியின் ஓரத்தில் உள்ள இடைவெளி வழியாக கேஸ்கெட் பிதுங்கி வெளியே வந்து அழுத்தத்தை இறக்கும்.

ஆகவே வெடித்த குக்கரில் ஒரு பொறியாளர் பார்ப்பவை இவை: ஆவிக்குழாய் அடைத்திருக்கிறதா, வால்வின் கலவை உருகியதா, அப்படியே இருக்கிறதா, கேஸ்கெட் எந்த நிலையில் கிடக்கிறது, மூடியைப் பிடித்திருந்த கொக்கி உடைந்த இடம் புதிதாகப் பளபளக்கிறதா, அல்லது முன்பே விரிசல் விட்டுக் கறுத்திருக்கிறதா. குழாய் அடைத்திருந்தது என்று தெரிந்தால் அது குடும்பத்துக்கு எதிரான சாட்சி போலத் தோன்றும். ஆனால் குழாய் அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே வால்வு? அது ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி உடனே எழும். தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவே. குக்கரைக் கழுவி, குழாயைக் குத்திச் சுத்தம் செய்து வைத்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாமல் போகும்.

சோதனை செய்துதான் பழுதைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், பொருளைப் பெற்று முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சென்னை தரமணியிலேயே இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும், சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம் வகுத்த கால அளவு. நடப்பில் இந்தக் கெடு காப்பாற்றப்படுவது அரிது என்பதை ஆணையத்தின் படியேறிய யாரும் சொல்வார்கள். சோதனைக் கட்டணத்தையும் புகார்தாரரையே கட்டச் சொல்ல ஆணையத்தால் முடியும். மருத்துவச் செலவுக்கே நகையை அடகு வைத்த குடும்பத்தை ஆய்வகக் கட்டணமும் கட்டு என்பது அநியாயம். சட்டத்தில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான் என்பேன்.

எல்லாப் பழுதையும் நிபுணரை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் இதில் ஒரு நல்ல வழியைத் திறந்துவிட்டது. 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் 2017 நவம்பரில் விபத்துக்குள்ளானது, காற்றுப்பைகள் விரியவில்லை, ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் அடி. முன்பக்கம் போதிய வேகத்தில் மோதினால்தான் பை விரியும் என்று நிறுவனம் வாதாடியது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. நடந்ததே பழுதுக்குச் சாட்சி சொல்லும் நேரங்களில் தனியாக நிபுணர் அறிக்கை கட்டாயமில்லை என்ற நிலைப்பாட்டை ஏற்று, டெல்லி மாநில ஆணையம் அளித்த 3 லட்சம் ரூபாயையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதிசெய்தது. காரைப் பற்றிச் சொன்னது குக்கருக்கும் ஹீட்டருக்கும் மிக்ஸிக்கும் ஏன் பொருந்தாது? பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வாதிட வேண்டும். அங்கேயும் சேதமடைந்த காரின் புகைப்படங்களும் பார்வை அறிக்கையும் கையில் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

தரமற்ற சரக்கு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். வீட்டு உபயோக பிரஷர் குக்கர்கள் ஐ.எஸ். 2347 என்ற தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்ற ஆணை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயமானது. அதற்குப் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையச் சந்தைகளில் தாராளமாக விற்பனையாகின. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்ததில், அமேசான் வழியாக மட்டும் அப்படி 2,265 குக்கர்கள் விற்றிருப்பது தெரிந்தது. விற்பவர்கள் வேறு, நாங்கள் இடமளிப்பவர்கள் மட்டுமே என்ற வாதம் எடுபடவில்லை. அந்த விற்பனையில் அமேசானுக்குக் கிடைத்த கட்டணம் 6 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம் என்பதை ஆணையம் சுட்டிக்காட்டியது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2022 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. அபராதம் ஒரு லட்சம் ரூபாய். சம்பாதித்ததில் ஆறில் ஒரு பங்குகூட வராத அபராதத்தைக் கண்டு எந்த நிறுவனம் பயப்படும்?

இந்த மத்திய ஆணையம் பொருளைத் திரும்பப் பெற வைக்கும், அபராதம் போடும். காயம்பட்டவர் கையில் இழப்பீடு தராது. அதற்கு மாவட்ட ஆணையம்தான் வழி. இந்த வேறுபாடு தெரியாமல் தேசிய உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, வழக்குப் போட்டாகிவிட்டது என்று இரண்டு ஆண்டைக் கடத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

கேஸ் சிலிண்டர் விபத்தில் வேறொரு கதவும் உண்டு. பல குடும்பங்களுக்கு அது தெரியவே தெரியாது. எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. சமையல் எரிவாயு விபத்தில் இறந்தவருக்குத் தலா 6 லட்சம் ரூபாய். சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம். பதிவு செய்த முகவரியில் நேர்ந்த உடைமைச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. வாடிக்கையாளர் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் முதல் படி.

சட்ட உதவி என்று வரும்போது நம் நாட்டு நிலையையும் அமெரிக்க நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே பழுதான பொருளால் காயம்பட்டவர் வழக்கறிஞருக்கு முன்பணம் தர வேண்டியதில்லை. ஜெயித்தால் தொகையில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார். நிபுணர் செலவையும் அவரே போடுவார். இங்கே இந்திய பார் கவுன்சில் விதிகள் அப்படிப் பங்குக்கு வழக்காடுவதைத் தடுக்கின்றன. வழக்கறிஞர் விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றன. விபத்தில் துடிப்பவர்களைச் சுற்றி வழக்குப் பிடிப்பவர்கள் மொய்க்காமல் இருக்க இந்தத் தடைகள் வேண்டியவைதான். ஆனால் பணம் போட்டு ஆய்வு நடத்த ஆளில்லாமல் போவதும் இதன் விளைவே. அந்த இடத்தை அரசு நிரப்பியாக வேண்டும்.

நிரப்புவதற்கான சட்டம் கையிலேயே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கும் உண்டு. சமையலறை விபத்தில் காயம்படுபவர் பெரும்பாலும் பெண் என்பதால், ஏறக்குறைய எல்லாக் குக்கர் வழக்குகளும் இதற்குள் வந்துவிடும். நீதிமன்றம் மட்டுமன்றி நுகர்வோர் ஆணையம் போன்ற அமைப்புகளின் முன் நடக்கும் வழக்குக்கும் இது செல்லும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆணைக்குழு வழக்கறிஞரோடு நிற்காமல் ஆய்வகச் செலவையும் ஏற்றுக்கொண்டால் பல வழக்குகளின் தலையெழுத்தே மாறும்.

எவ்வளவு கேட்பது என்பதிலும் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். "வீட்டில் சும்மா இருப்பவர்" என்று மனுவில் தாங்களே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு, அதைக் கணக்கிட்டே இழப்பீடு தர வேண்டும் என்று மோட்டார் வாகன விபத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சாலையில் செத்தால் மதிப்புள்ள உழைப்பு அடுப்படியில் செத்தால் மதிப்பற்றதாகிவிடுமா? அந்தத் தீர்ப்பை நுகர்வோர் ஆணையங்களிலும் எடுத்துக்காட்டத் தடை ஏதுமில்லை.

இதையெல்லாம் கோருவதற்கு வேண்டிய காகிதங்கள் முதல் வாரத்திலேயே உருவாகின்றன. அரசு மருத்துவமனையில் சேர்த்தவுடன் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது அல்லது முதல் தகவல் அறிக்கை. தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அந்தத் துறையின் அறிக்கை. வாங்கிய பில், பெட்டி, உத்தரவாத அட்டை. துடைப்பதற்கு முன் அடுப்படியைப் பல கோணங்களில் படமெடுங்கள். பொருளையும் சிதறிய துண்டுகளையும் கழுவாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். நிறுவன ஆள் வந்து, "ஆய்வுக்குக் கொண்டுபோகிறோம், புதுசு தருகிறோம்" என்றால், எழுத்தில் கையொப்பம் வாங்காமல் எதையும் தர வேண்டாம்; முடிந்தால் ஆணையத்திடமே ஒப்படையுங்கள்.

ஆனாலும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் துப்பறிந்துகொண்டிருப்பது ஒரு நாட்டுக்கு அழகல்ல. அமெரிக்காவில் 1972-இல் சட்டம் இயற்றி நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். சுமார் 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து எந்த வகைப் பொருளால் காயம் என்ற விவரம் அதற்குத் தொடர்ந்து போகிறது. ஒரே வகைப் பொருள் பல ஊர்களில் ஆளைக் காயப்படுத்தினால் அங்கே அது கண்ணில் படும். நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சிலிண்டரோ அடுப்போ வெடித்து இறந்தவர்களை ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறது. எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பது அதில் இல்லை.  மதுரையில் வெடித்ததும் திருவள்ளூரில் வெடித்ததும் ஒரே தொகுதிச் சரக்கா என்று சொல்ல இன்று யாராலும் முடியாது.

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு முதல் தாலுகா மருத்துவமனை வரை ஒவ்வொன்றிலும் விபத்துப் பதிவேடு ஏற்கெனவே எழுதப்படுகிறது. காயத்துக்குக் காரணமான பொருள், தயாரித்தவர் பெயர், முத்திரையின் உரிம எண் ஆகியவற்றுக்கு அதில் ஒரு வரி சேர்த்து, மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த ஆண்டே வெளியிடலாம்.